பதில் சொன்ன அணுக்கள்

இயந்திரத்துக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அதற்கு அவசியமே இல்லை. குழாய்க்குள் இருக்கும் அணுக்களுக்கு அவள் மூச்சுவிடுவது தெரியப்போவதில்லை. ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பழக்கம், பிறகு போகவேயில்லை.

அன்று இரண்டு குழாய்கள். ஒன்றில் ஐந்து மாதக் குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, கிருமிகளை எதிர்த்து நிற்கும் டி செல்கள். இன்னொன்று துணைக் குழாய். குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போதே ஆரோக்கியமான ஒருவருக்கும் எடுத்து, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். வழியில் வெயிலிலோ குளிரிலோ அணுக்கள் வாடிப்போனால் இரண்டும் சேர்ந்தே வாடும். குழந்தையின் மேல் மட்டும் பழி விழாது. அதற்காகத்தான் துணை.

குழாய்களில் பெயர் கிடையாது, எண்கள்தான். ஆனால் அது யாருடைய எண் என்று பெரியவளுக்குத் தெரியும். தங்கையின் மகன். சொந்தக்காரர்களின் ரத்தத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த இன்னொருத்தி பிரசவ விடுப்பில் போயிருந்தாள். அதனால் ஆய்வகத் தலைவி இறங்கி வந்தார். எல்லோருக்கும் அவர் மேடம்தான். "நீ ஓட்டு. நான் பார்த்துச் சொல்றேன். நீயா எதையும் முடிவு பண்ணிக்காதே" என்றார்.

அணுக்களுக்குள் சாயம் ஏற்றி வைத்திருந்தாள். கால்சியம் வந்து தொடும்வரை அந்தச் சாயம் மங்கிக் கிடக்கும், தொட்டதும் ஒளிரும். திரையில் ஒவ்வோர் அணுவும் ஒரு புள்ளி. முதலில் துணைக் குழாய். புள்ளிகள் எல்லாம் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. குழாயை வெளியே எடுத்து, செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பியைப் பிடித்து இழுக்கும் மருந்தில் ஒரு சொட்டு விட்டுத் திரும்பப் பொருத்தினாள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை.

இந்தக் கொஞ்ச நேரம்தான் அவளை இத்தனை வருடமாக இந்த வேலையில் பிடித்து வைத்திருந்தது. ஒன்றும் நடக்காததுபோல் தெரிகிற அந்த இடைவெளியில்தான் எல்லாமே நடக்கிறது. வெளியே ஏற்பி இழுபடுகிறது. அதோடு சேர்ந்த வால் செல்லுக்கு உள்ளே தொங்குகிறது. அந்த வாலில் ஒரு புரதம் முத்திரை குத்துகிறது. முத்திரையைப் பார்த்து அடுத்தது ஓடி வந்து ஒட்டிக்கொள்கிறது. அது இன்னொன்றை எழுப்புகிறது. கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் உள்ளே பூட்டிக் கிடக்கும் கால்சியக் கிடங்கு திறக்கிறது. பின்னாலேயே வெளியிலிருந்தும் கால்சியம் கொட்டுகிறது. சேதி கருவுக்குப் போய்ச் சேர்கிறது: யாரோ வந்திருக்கிறார்கள், எழுந்திரு.

துணைக் குழாயின் புள்ளிகள் கூட்டமாக மேலே எழுந்தன. சரி.

பிறகு குழந்தையின் குழாய். அதில் எதுவும் எழாது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு அந்த வாலில்தான் பிழை. மரபணுச் சோதனையில் ஏற்கெனவே வந்துவிட்டது. வெளியே எவ்வளவு இழுத்தாலும் உள்ளே முத்திரை குத்த இடமில்லை. இன்றைக்குச் செய்வது அதை உறுதிப்படுத்தும் வேலை மட்டும்தான். சொட்டு விட்டாள். பொருத்தினாள். புள்ளிகள் தரையிலேயே கிடந்தன. மூச்சை விடப் போனாள்.

அப்போது ஓரத்தில் ஒரு சிறு கூட்டம் தரையைவிட்டுக் கிளம்பியது. நூற்றில் ஏழெட்டு இருக்கலாம். தயங்கவில்லை, தடுமாறவில்லை, துணைக் குழாயில் எழுந்ததுபோலவே எழுந்து மேலே போய் நின்றது.

படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு நம்பிக்கை அவளுக்கு வந்தது. மரபணுவில் பிழையோடு பிறந்த சில குழந்தைகளுக்கு எங்கோ ஓர் அணுவில் அந்த எழுத்து தானாகவே திருந்திக்கொள்வது உண்டு. அபூர்வம்தான். ஆனால் நடந்திருக்கிறது, ஆய்வுக் கட்டுரைகளில் அவள் படித்திருக்கிறாள். திருந்திய ஒன்று பத்தாகும், நூறாகும். வேறு யாராவது அந்தத் திரையைப் பார்த்திருந்தால் 'ஏதோ அழுக்கு' என்று விட்டிருப்பார்கள். அவள் படித்திருந்தாள். அதுதான் வினை.

மேடம் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"மேலே போன கூட்டத்தை மட்டும் தனியாப் பிரிச்சு வை. பக்கத்து மரபணு அறைக்கு அனுப்பணும்."

"எதுக்கு மேடம்?"

"அனுப்பு. பதில் வர நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

"சரி மேடம்" என்றாள். உண்மையாகவே அந்த எண்ணத்தோடுதான் சொன்னாள்.

*

மருத்துவமனையில் குழந்தை இருந்த தளத்தில் அறைகளுக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் அடுத்தது திறக்கும். காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களோடு ஃபோனில்தான் பேச வேண்டும்.

சின்னவள் முகக்கவசமும் கையுறையும் தலையில் காகிதத் தொப்பியுமாகக் கண்ணாடி அருகே வந்தாள். தோளில் குழந்தை. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை சிவந்திருந்தான். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்தே அப்படித்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "என்ன நிறம்டா சாமி!" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தக்காளி என்று பெயரே வைத்துவிட்டார்கள். தோல் உரியத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இங்கே வந்ததும் நர்ஸ்களும் பிடித்துக்கொண்டார்கள். சின்னவள் சோப்பை மாற்றினாள், துணி துவைக்கும் தூளை மாற்றினாள், தன் சாப்பாட்டை மாற்றினாள். எதற்கும் அந்தச் சிவப்பு மசியவில்லை.

"என்னக்கா, மூஞ்சியெல்லாம் பல்பு எரியுது?" என்றாள் சின்னவள் ஃபோனில். "லாட்டரி விழுந்துதா?"

சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரையே ஓட்ட வைத்தவள். அடுத்தவர் பாதத்தில் என்ன நடக்கிறதென்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. இதைப் பெரியவள் பிற்பாடு பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறைக்க முடியாதது வேறு, மறைக்க விரும்பாதது வேறு என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"சும்மாதான்டி."

"சும்மாவா? நீ சும்மா சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. சொல்லு."

நோய் என்னவென்று தெரிந்த அன்று, பெரியவள் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் விளக்கினாள். வாசலில் அழைப்பு மணியை அழுத்துகிறார்கள், உள்ளே சத்தம் கேட்கவில்லை என்றாள். சின்னவளுக்கு அது பிடிக்கவில்லை. "மணி கேக்கலேன்னா கதவைத் தட்டலாமே. நீ வேற" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளே தன் பாஷையில் சொன்னாள்: "சாவி திரும்புது. வண்டி ஸ்டார்ட் ஆகலை. நடுவுல ஒயர் கட் ஆயிருக்கு. அப்படித்தானே?" அப்படித்தான். "எஞ்சின் நல்லா இருக்கா?" நல்லாத்தான் இருக்கு, அந்த வழியை விட்டுவிட்டு நேரே கால்சியத்தை உள்ளே அனுப்பும் மருந்தைப் போட்டால் அவன் செல்லும் ஒளிரும். "அப்ப தள்ளிவிட்டா ஸ்டார்ட் ஆகுது!" என்று சின்னவள் கண்ணாடியில் கையை வைத்தாள். "தினமும் நான் தள்ளிவிடறேன்க்கா. அந்த மருந்தைக் குடுக்கச் சொல்லேன்." அது குழாய்க்குள் மட்டும் போடுகிற மருந்து, உடம்பில் போட்டால் உயிர் தங்காது என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று தங்கை கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்த விதம் பெரியவளை விட்டு நீங்கவேயில்லை. அந்தக் கைக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்றே அதற்குப் பிறகு நடமாடினாள்.

"கொஞ்சம் அணுக்கள் பதில் சொல்லுது" என்றாள்.

"என்னது?"

"எல்லாம் இல்லைடி. நூத்துக்கு ஏழெட்டு. ஆனா நல்லா, தெளிவா. துணைக் குழாய்ல யாரோ ஒருத்தரோட ரத்தம் இருந்ததே, அச்சு அசலா அதே மாதிரி."

"யாரோ என்ன யாரோ? அது நான்தான். வேற யாராவது குடுக்கணும்னு நர்ஸ் தேடிட்டு இருந்தாங்க. நானே கையை நீட்டிட்டேன்."

பெரியவள் சிரித்துவிட்டாள். "அதான பார்த்தேன்! உன்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்குடி அது."

சின்னவள் குழந்தையின் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "டேய் தக்காளி, கேட்டியா? ஸ்டார்ட் ஆயிட்டியாம்டா. கமுக்கமா இருந்துட்டு, திருட்டுப் பயலே." குழந்தை கொட்டாவி விட்டது.

"முடிவா எதுவும் இல்லை. இன்னும் சோதனை இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள் பெரியவள்.

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

சாயங்காலத்துக்குள் சின்னவளின் கணவன் ஃபோன் செய்துவிட்டான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன்; ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து பேசினான், காற்று இரைந்தது. "அக்கா, நிஜமாவா?" என்றான். அவனுடைய எலும்பு மஜ்ஜையைத்தான் குழந்தைக்கு ஏற்றுவதாக இருந்தது. பாதிதான் பொருந்தியது. ஏற்றுவதற்கு முன்னால் கொடுக்கப்போகிற மருந்துகளைக் கேட்டு இருவரும் மிரண்டு போயிருந்தார்கள். மறுநாள் சின்னவள் மருத்துவரிடம், பிள்ளையின் சொந்த அணுக்களே விழித்துக்கொள்கின்றன, மஜ்ஜை ஏற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். பக்கத்து அறைச் சோதனை வரட்டும், பார்ப்போம் என்றார் மருத்துவர்.

அந்த நாட்களில் அவர்கள் மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதை இல்லையென்று சொல்ல முடியாது. சின்னவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்: காலைப் பிடித்து "இது கிளட்ச், இது பிரேக், மெதுவா விடணும்டா மடையா" என்றாள். நடைபாதையில் போன நர்ஸ் நின்று சிரித்தாள். பெரியவள் வேலை முடிந்து தினமும் வந்து உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படிப்பு தன் வீட்டுக்கு ஏதோ கொண்டுவந்துவிட்டது என்று நினைத்தாள்.

*

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உட்காரு."

பெரியவள் உட்காரவில்லை.

"நீ பிரிச்சு அனுப்பின அந்தக் கூட்டத்துல ஒய் குரோமோசோம் இல்லை. ஒண்ணுல கூட இல்லை. எல்லாம் பெண்ணோட அணுக்கள். அம்மாவோடது."

எதற்கும் ஒரு விளக்கம் சொல்லத் தெரிந்த மனம் அப்போதும் வேகமாக ஓடியது. "குழாய் மாறிப் போயிருக்கலாம் மேடம். துணைக் குழாயும் அவளோடதுதான். பெட்டியில ஏதாவது..."

"திரும்ப எடுத்துப் பார்த்தாச்சு. நேத்து. புது ரத்தம்." அவர் குரல் தணிந்தது. "வயித்துல இருக்கும்போதே கொஞ்சம் அம்மாவோட அணுக்கள் பிள்ளைக்குள்ள போறது எல்லாருக்கும் நடக்கறதுதான். உனக்கும் நடந்திருக்கும், எனக்கும். சாதாரணப் பிள்ளையோட டி செல்கள் அதை அடையாளம் கண்டு துரத்திடும். இவனுக்குத் துரத்த யாரும் இல்லை. தங்கிடுச்சு. பெருகிடுச்சு."

"அந்தச் சிவப்பு..."

"ஆமா."

விளக்கத் தேவையில்லை. அந்த அணுக்களின் வால் பழுதில்லை. முத்திரை விழுகிறது, சேதி போகிறது, கால்சியம் கொட்டுகிறது. அவற்றுக்கு எல்லாம் சரியாக வேலை செய்கிறது. சரியாக வேலை செய்வதால்தான் குழந்தையின் தோலைத் தொட்டதும் இது நம்முடையதல்ல என்று கண்டுகொள்கின்றன. பாதி அப்பாவுடையது அல்லவா? தோலை, குடலை, ஈரலைத் தாக்குகின்றன. தாயின் அணுக்கள் ஐந்து மாதமாக அவனை அந்நியன் என்றே படித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"வார்டு மருத்துவர் சொல்லிடுவார். நீ போக வேண்டாம்" என்றார் மேடம்.

"முதல்ல நான்தானே சொன்னேன். நானே சொல்றேன்."

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. மேசை மேலிருந்த தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். திட்டியிருக்கலாம் என்று லிஃப்டில் போகும்போது தோன்றியது.

*

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள் உட்கார்ந்துகொண்டே கேட்டாள். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. குழந்தை அவளுக்குப் பின்னால் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் கையுறை இல்லாம அவனைத் தொட்டதே இல்லையேக்கா இங்க வந்ததுல இருந்து."

"இங்க வந்த பிறகு இல்லைடி. பிறக்கறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா?" அவள் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள். "நான் என்ன பண்ணினேன்?"

"நீ எதுவும் பண்ணலை. எல்லா அம்மாவுக்கும் நடக்கும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

"ஆனா என்னோடதுதான் அவனைத் தின்னுது."

இந்த வார்த்தை வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அதற்கு மாற்றாகச் சொல்ல அவளிடம் இருந்ததெல்லாம் ஆய்வகத்து வார்த்தைகள். அவையும் இதையேதான் சொல்லும், நீளமாக.

"அதுங்களுக்குத் தெரியாதுடி. வெளியே எதையாவது பார்த்தா உள்ளே சேதி அனுப்பும், அவ்வளவுதான் தெரியும். அது பிள்ளையா, கிருமியான்னு பார்க்கத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள் சின்னவள். "நான் அவன் அம்மான்னு எனக்குத் தெரியுமே. எனக்குள்ள பிறந்த அணுவுக்குத் தெரிய வேண்டாமா?"

காற்று இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"இப்ப என்ன பண்ணணும்?"

"அப்பாவோட மஜ்ஜை ஏத்தறதுக்கு முன்னாடி அதுங்களை முழுசா அழிக்கணும். மருந்து இருக்கு. கொஞ்சம் கடுமையான மருந்து."

"கொல்லச் சொல்லு." ஃபோனில் அவள் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது, வலது பக்கம் திருப்பு என்று சொல்வதுபோல. "எல்லாத்தையும். என்னோடதுதானே, நான் சொல்றேன். ஒண்ணுகூட மிச்சம் வைக்க வேண்டாம்னு சொல்லு."

பிறகு எழுந்து கட்டிலருகே போனாள். தூங்கும் குழந்தையை எப்போதும் குனிந்து பார்ப்பவள், ஒரு கை தூரம் தள்ளியே நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தக் காட்சியைப் பெரியவளால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். சின்னவள் திரும்பவில்லை.

மருந்து கொடுத்த பிறகு சிவப்பு குறைந்தது. ஒரு வாரத்தில் அவனுக்கு ஒரு நிறம் வந்தது. அவன் நிறம் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாவைப் போல மாநிறம். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. தோல் அமைதியானதும் நன்றாகத் தூங்கினான், சொறிந்துகொள்ளவில்லை, ஒருமுறை சத்தம் போட்டுச் சிரித்தான். மஜ்ஜையை ஏற்றினார்கள். அது ஊன்றிக்கொள்ள நாளாகும். அதுவரை அவனுக்குள் எதிர்த்து நிற்க எந்த அணுவும் இல்லை, அவனுடையதும் இல்லை, அவன் அம்மாவுடையதும் இல்லை. அந்த இடைவெளியில் நுரையீரலில் ஒரு வைரஸ் வந்தது. நம்மில் யாருக்கு வந்தாலும் இரண்டு நாள் மூக்கு ஒழுகிவிட்டுப் போகிற வைரஸ். அவன் அதைத் தாண்டவில்லை.

மஜ்ஜை ஏற்றுவதை அந்தச் சில நாட்கள் தள்ளிப்போடாமல் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் பெரியவளிடம் சொன்னார். அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

*

சின்னவள் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்ததும், மதிய இடைவேளையில் பெரியவள் அவளைப் பார்க்கப் போனாள். பயிற்சிக் கார் ஒரு மரத்தடியில் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் பிரேக் வைத்த கார். சின்னவள் தன் வழக்கமான இருக்கையில் இருந்தாள். பெரியவள் சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"உனக்கு இன்னும் ஓட்டத் தெரியலை. வெட்கமா இல்லையா?" என்றாள் சின்னவள்.

"கத்துக்குடுக்க ஆள் சரியில்லை."

சின்னவள் லேசாகச் சிரித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அக்காவிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டார்கள். எதிரே ஒரு பையன் நாயை இழுத்துக்கொண்டு போனான், அல்லது நாய் அவனை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லு. என்னோடது அவனுக்குள்ள போச்சுல்ல. அவனோடது எனக்குள்ள வந்திருக்குமா?"

இந்தக் கேள்வி வரும் என்று பெரியவள் எதிர்பார்த்திருக்கவில்லை. பதில் அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள்.

"வந்திருக்கும். பிள்ளை பெத்த நிறையப் பேருக்கு இருக்கும். கொஞ்சூண்டு."

"எத்தனை நாள் இருக்கும்?"

"வருஷக்கணக்கா. சில பேருக்குச் சாகிற வரைக்கும்கூட."

சின்னவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு மூன்று முறை அழுத்தினாள்.

"அதுங்களும் பதில் சொல்லாதுல்ல?"

எல்லா அணுவும் டி செல் இல்லை, அந்த வால் எல்லாவற்றுக்கும் தேவைப்படாது, தோலாகவோ இதயத் தசையாகவோ ஆகியிருந்தால் அது அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்: இப்படியெல்லாம் சொல்ல முடியும். ஒன்றும் பொய்யில்லை. வாய்வரை வந்தது. தங்கையின் கை டப்பாவின் மேல் விரிந்து கிடந்தது, அன்றைக்குக் கண்ணாடியில் வைத்ததுபோலவே. அந்தக் கையைப் பார்த்ததும் பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியலைடி" என்றாள்.

"ம்."

வெயில் முன்கண்ணாடி வழியே இருவர் மடியிலும் விழுந்தது. சின்னவள் தெருவைப் பார்த்தபடியே பேசினாள்.

"என் ரத்தத்தை எடுத்து அவனைத் தேடிப் பார்க்கணும்னு உனக்கு ஒருநாள் தோணும். எனக்குத் தெரியும் உன்னைப் பத்தி. தேடாதே. இருக்கு, இல்லை, பேசுது, பேசலை, எதுவும் எனக்குச் சொல்லாதே. இனிமேல் அவனைப் பத்தி நீ எனக்கு எந்தச் சேதியும் கொண்டுவரக் கூடாது. சரியா?"

எத்தனை மில்லி எடுத்தால் போதும், எந்தக் குழாயில் எடுக்க வேண்டும் என்று பெரியவளின் மனம் ஏற்கெனவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சரி" என்றாள்.

சின்னவள் அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவுடன் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டாள். கதவைத் திறந்து இறங்கி, அடுத்த மாணவி வந்துகொண்டிருந்த பக்கமாக நடந்தாள்.